உப்புப் பட்ட காளான்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. படம் தேய்ந்து, விளிம்பில் துரு ஏறிய காலி டப்பா. பழைய சாமான்காரனுக்குப் போடட்டுமா என்று மருமகள் பலமுறை கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் என்னைப் பற்றி எனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டிவரும்.

சண்டைக் காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர் பர்மாக்கா. பூர்வீகம் தெற்குச் சீமை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்ற கணவர் வரவில்லை. அவருக்குப் பிடித்த காய்ந்த காளானை இந்த டப்பாவில் போட்டு, மெழுகுத்துணியில் சுற்றி, வழியெல்லாம் அக்கா காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் வந்திறங்கும் அன்றைக்குச் சமைக்கவாம். பித்துதான். ஆனால் அதை யார் சொல்வது?

நல்ல வெயில் நாளில் மட்டும் டப்பா திறக்கும். முறத்தில் பரப்பிக் காயவைத்து, ஆறிய பிறகே அள்ளுவார். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடுமாம். பிறகு ஒன்றைக் காதருகே வைத்து ஒடிப்பார். டக்கென்று ஒடிந்தால் முகம் தெளியும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது; புளித்த வாடை வந்தாலோ வெள்ளை பூத்தாலோ தூக்கிப்போட வேண்டியதுதான் என்பார். கருவாடு போடும் வீட்டில் பிறந்த எனக்குச் சிரிப்பு வரும். “இன்னாக்கா, ஒரு கல்லு உப்புகூடப் போடாம வச்சிகினு கீற, எப்டி நிக்கும்?” என்பேன். “இதுக்கு உப்பு ஆகாது, தங்கச்சி” என்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சண்டை முடிந்து ரங்கூன் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கின. ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுக வாசலில் போய் நின்றுவிட்டு, வெயில் தாழத் தனியாகத் திரும்புவார். வந்ததும் முதலில் டப்பாவைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

ஓர் ஐப்பசியில் அக்காவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “மழை நாளு, மூடியத் தெறந்துராத” என்று டப்பாவை என்னிடம் கொடுத்தார். நான் திறந்தேன். மண் வாடை அடித்தது. ஐயோ, கெடப்போகிறதே என்று பதறி, இரண்டு கைப்பிடி உப்பைத் தூவி மூடினேன். நல்ல மனசோடுதான் செய்தேன். மழைநாளில் உப்பே கசிந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை.

திரும்பி வந்தவர் ஒன்றை எடுத்து ஒடித்தார். ஒடியவில்லை. ஈரத்துணி போல மடங்கியது. பிசுபிசுத்த விரலை நாக்கில் வைத்து, “உப்புப் போட்டியா?” என்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். “இது கெடாம இருக்க வரைக்கும் அவரும் எங்கயோ இருக்காருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டி, டப்பாவைக் கழுவித் துடைத்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்த ரங்கூன் கப்பலுக்கு அவர் போகவில்லை. நான் போனேன். அவர் கணவரின் முகம் எனக்குத் தெரியாது. இறங்கி வந்த ஒவ்வோர் ஆணையும் பார்த்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை நின்றேன். அக்கா கண்ணை மூடிய பிறகும் சில கப்பல்களுக்குப் போயிருக்கிறேன்.

இப்போது மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் நானும் டப்பாவும்தான். நேற்று மழையில் மருமகள் அலமாரியைத் துடைக்கும்போது அதன் மூடியில் கைவைத்தாள். “வேணாம்மா, மழ பேஞ்சிகினு கீது” என்றேன்.

“உள்ள ஒண்ணுமே இல்லியே, அத்தே” என்று திறந்து காட்டினாள்.