பதினேழாவது கேள்வியின் பின்பக்கம்

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பது எங்கள் தொழில். அந்தக் கேள்விகளை ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதியவரே, எர்ணாவூரில் நடந்த தப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. சர்வே எடுத்துக் கால் தேய்ந்த மற்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் எட்டாவது வரை படித்தவள். இதற்கு முன் தெருத்தெருவாகப் பிளாஸ்டிக் குடம் விற்றேன். பேரம் பேச வரும், கோபமும் வரும்.

நாற்பதா, பத்தா?

எர்ணாவூர் குடியிருப்பில் மூச்சுத்திணறல் பற்றிய சர்வே. வாரம் ஒருமுறை சாயங்காலம் அங்கே வரும் மருத்துவ வேன் தொடர்ந்து வருமா, வேறு இடத்துக்குப் போகுமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். மூன்றாவது மாடியில் கன்னியம்மா அக்கா. காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். நாற்பது கேள்வி என்றேன், பத்து என்றார். நான் இறங்கவில்லை. கடைசியில் ஒப்பந்தம் இப்படிப் படிந்தது: நாற்பதுக்கும் அவர் பதில் சொல்வார், அதற்குப் பிறகு அவர் சொல்வதை நான் முழுசாகக் கேட்க வேண்டும். "மீன் வாங்க வர்றவகூட இவ்ளோ பேசமாட்டா. நீ இன்னாமே, கேள்விய கூறு கட்டி விக்கிற!"

இல்லை, இல்லை, இல்லை

பதினேழாவது கேள்வி: மூச்சுத்திணறலுக்காகப் போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். அக்கா "இல்லை" என்றார், டிக் அடித்தேன். அதற்கு முன் பார்த்த வீடுகளிலும் அதே பதில்தான். வேலை சுளுவாக முடிகிறது என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

பிறகு ஒப்பந்தப்படி கேட்டேன். மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை படியில் உட்காருகிறாராம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றால் அன்றைய வேலை போகும்; மார்க்கெட்டில் அவர் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அதனால் வேனில்தான் காட்டுகிறார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அத்தனையையும் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இல்லன்னு எழுதிக்கினியே, ஏன் இல்லன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

இரண்டு வேலை

ஆபீஸில் சூப்பர்வைசர் முன்பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கத்தினேன். எத்தனை பேர் போகவில்லை என்று முன்பக்கம் சொல்லும். ஏன் போகவில்லை என்று பின்பக்கம்தான் சொல்லும். ஒன்றை விட்டு இன்னொன்றைப் படித்தால் நோயாளியே இல்லாத ஊர் மாதிரித் தெரியாதா? அவர் நிதானமாகச் சொன்னார்: "மேடம், நீங்க கதை கேட்டு எழுதினது குவாலிடேட்டிவ். நமக்கு வந்த ஆர்டர் குவாண்டிடேட்டிவ், வெறும் எண்ணிக்கை. பின்பக்கத்துக்கு கம்ப்யூட்டர்ல இடம் இல்ல."

இரண்டாவது மாடிப் படி

வேன் விம்கோ நகருக்குப் போய்விட்டது. சர்வேபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அங்கேதான் அதிகமாம். போக முடிந்தவர்களுக்கு வேன், முடியாதவர்களுக்கு இல்லை. வேறொரு சர்வேக்காக அதே பிளாக்கில் ஏறினேன். அக்கா இரண்டாவது மாடிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். என் கையில் இருந்த புதுத் தாளைப் பார்த்தார். "நான் சொன்னது எங்கமே கீது?"

கேள்வி எழுதியவரே, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் இல்லாமல் ஒரே விலை சொல்கிறேன்: பின்பக்கத்தைப் படித்து, பதினேழுக்குக் கீழே 'ஏன்' என்று ஒரு வரி சேர்த்து, அந்த வேனை எர்ணாவூருக்குத் திருப்பி அனுப்புங்கள்.