சால்டரிங் அயர்னுக்கு ஓர் அருவாள் பிடி

ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டுகிற சால்டரிங் அயர்னை முதன்முதலில் வடிவமைத்தவர் யாராக இருந்தாலும், அவருக்கு நல்ல கை இருந்திருக்கிறது. சுட்டால் தெரியும், தெரிந்தால் கை தானே விலகும் என்று நம்பித்தான் அந்தப் பிடியைச் செய்திருக்கிறார். பிடிக்கும் இடத்துக்கும் சுடும் இடத்துக்கும் நடுவில் நான்கு விரல் அகலம்கூட இல்லை. நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. வலி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பல வருஷம் எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. என் விரல்கள் மரத்துப்போன பிறகுதான் முகம் தெரியாத அந்த மனிதர் மேல் கோபம் வந்தது.

மண்டபம் என்கிற கடற்கரை ஊரில், ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். நான் பிறந்தது கமுதிப் பக்கம், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கரிசல் கிராமம். நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி வீடு. எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ரேடியோ வேலை கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பாமல் நேரே மண்டபத்துக்கு வந்தேன். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ரேடியோ சீக்கிரம் கெடும், ரேடியோ கெடுகிற ஊரில் மெக்கானிக் பட்டினி கிடக்க மாட்டான் என்பது என் எண்ணம். அது தப்பவில்லை. படகுக்காரர்கள் சிலோன் பாட்டு கேட்கவும் புயல் செய்தி கேட்கவும் வைத்திருந்த டிரான்சிஸ்டர்களைத் திறந்தால், உள்ளே செம்புக் கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். சுரண்டி, துடைத்து, ஈயம் வைத்துக் கொடுப்பேன். அடுத்த பருவத்தில் அதே செட் மறுபடியும் வரும்.

எல்லாவற்றுக்கும் அந்த அயர்ன்தான். உள்ளே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சாதாரணமான பொருள். மைக்கா தகட்டின் மேல் சுற்றிய சுருள் கம்பி, அதை மூடிய இரும்புக் குழல், குழலின் முனையில் செம்புத் துண்டு, பின்னால் ஒரு மரப்பிடி, பிடியின் பின்புறத்தில் வெளியே வரும் ஒயர், இரண்டு முள் பிளக். கம்பி சூடாகிறது, செம்பு அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது, ஈயம் உருகுகிறது. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். மண்டபத்தில் கரண்டே கெட்டுப்போகும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர் முழுக்க ஸ்விட்சைப் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். அயர்ன் சூடாக இருப்பதுபோல் இருக்கும், ஈயமும் உருகுவதுபோல் உருகும், ஆனால் ஒட்டாது. அந்தச் செட் இரண்டாம் நாளே திரும்பி வரும், கூடவே படகுக்காரரின் வசவும் வரும்.

அதனால் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈயம் வைப்பதற்கு முன்னால் அயர்னைக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோவோம். தொடுவதில்லை. சவரக் கத்தி போல ஒரு நூல் தள்ளிப் பிடித்தால் போதும், கன்னம் சொல்லிவிடும், போதுமா இன்னும் ஏற வேண்டுமா என்று. பார்க்கிறவர்கள் பதறுவார்கள். எனக்கு அது வியர்வை துடைப்பது மாதிரி, யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியும் உள்நாட்டுக்காரிதான், முதுகுளத்தூர்ப் பக்கம். அயர்ன் சூட்டில் காய்ந்து காய்ந்து அதன் மரப்பிடி ஆட ஆரம்பித்திருந்தது. "இந்தச் சனியன் பிடி ஆடுது" என்று நான் எரிச்சலோடு முணுமுணுத்ததை அவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை கடையைத் திறந்து, வழக்கம்போல வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, பிளக்கைச் சொருகி அயர்னை எடுத்தேன். அடுத்த நொடி நான் சுவரோரம் கிடந்தேன். அயர்ன் எங்கேயோ போய் விழுந்திருந்தது. தோள்பட்டை வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டு அகப்பையோடு ஓடி வந்தாள்.

"இதை என்னடி செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன்? கணை ஆடுதுன்னு சொன்னீகளேன்னு தண்ணிச் சட்டியில ஊறப் போட்டேன். விடிஞ்சதும் எடுத்துத் தொடைச்சு வச்சிட்டேன்."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. மம்பட்டியின் கணை, அதுதான் மரப்பிடி, ஆடினால் எங்கள் ஊர்களில் அதைத்தான் செய்வோம். சாயங்காலம் தண்ணீரில் போட்டால் காலையில் மரம் ஊறி, இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். மண்டபத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதும், மம்பட்டிக்குள் கரண்டு ஓடாது என்பதும்தான் வித்தியாசம். ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பிடி அதற்கப்புறம் இம்மிகூட ஆடவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லி அவளைக் கிண்டல் பண்ணுவேன். மிக்சி ரிப்பேர் என்றால், "தண்ணியில ஊறப் போட்டுப் பாத்தியா?" என்பேன். அவளும் சளைக்காமல், "கடைக்காரரை ஒரு ராத்திரி ஊறப் போட்டா வாய் இறுகுமான்னு பாக்கணும்" என்பாள்.

எனக்குச் சர்க்கரை வந்தது தொண்ணூறுகளில். வந்தது என்று சொல்கிறேன், எப்போது வந்து உட்கார்ந்ததோ தெரியாது. கால் எரிச்சல், தாகம், அது இது என்று இருந்ததை உப்புக்காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மத்தியானம் ஒரு டேப் ரிக்கார்டரைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கருகல் வாடை அடித்தது. மெக்கானிக்குக்குக் கண்ணைவிட மூக்கு முக்கியம், எந்தப் பொருள் கருகுகிறது என்பதை வாடையே சொல்லிவிடும். இது ரெசிஸ்டர் வாடை இல்லை. டிரான்ஸ்பார்மர் வார்னிஷ் வாடையும் இல்லை. செட்டுக்குள் குனிந்து குனிந்து தேடினேன். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு தற்செயலாக என் கையைப் பார்த்தேன். பிடியிலிருந்து முன்னால் நகர்ந்து போன நடுவிரல், இரும்புக் குழலின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. கருகிக்கொண்டிருந்தது நான்தான்.

வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கரண்டு அடித்தபோது தோள் வரைக்கும் துடித்த கை இது.

அந்தப் புண் ஆறவே மாதக்கணக்கானது. ஆறுவதற்குள் ஆள்காட்டி விரலில் இன்னொன்று. ராமநாதபுரத்து டாக்டர் விரலை ஊசியால் குத்திக் குத்தித் "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். ஒன்றிரண்டு இடத்தில் தெரியாமலே தெரிகிறது என்றேன். ஏமாற்ற முடியவில்லை. "அடுத்த புண் இப்படிப் புரையோடினா விரலை எடுக்க வேண்டி வரும். வேற ஏதாவது வேலை பாருங்க" என்றார்.

வேறு என்ன வேலை? சம்சாரித்தனத்தை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், பிடித்ததும் இது ஒன்றுதான். இறந்து கிடக்கிற ஒரு செட் என் கையில் கரகரவென்று உயிர் பிடித்துப் பேச ஆரம்பிக்கிற அந்த நொடிக்காகத்தான் நான் தினமும் கடையைத் திறந்தேன். விரலா, வேலையா என்று டாக்டர் கேட்டுவிட்டார். இரண்டும் வேண்டும் என்றது மனசு.

அப்போதுதான் அயர்ன்களை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். மதுரைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். துப்பாக்கி மாதிரி ஒன்று இருந்தது. விசையை அழுத்தினால்தான் சூடாகும், விட்டால் ஆறிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் விசையை அழுத்திக்கொண்டிருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பதே என் விரலுக்குத் தெரியவில்லை. பேனா மாதிரி மெலிதான ஒன்று வாங்கினேன். மரத்த கைக்கு மெலிந்த பிடி எமன். பிடிபடுகிறதா என்று தெரியாமல் இன்னும் இறுக்குவோம், இறுக்க இறுக்க விரல் முன்னால் போகும். பிளாஸ்டிக் பிடி போட்டவை பார்க்க லட்சணமாக இருந்தன, வியர்த்தால் மீன் மாதிரி வழுக்கின. பழைய அயர்ன் மேலேயே சைக்கிள் டியூபைச் சுற்றிப் பார்த்தேன். அது உருகி, விரலோடு ஒட்டிக்கொண்டு, இன்னொரு கொப்புளத்தைக் கொடுத்தது. அத்தனை அயர்னும் ஒரே ஆளை மனசில் வைத்துச் செய்தவை, சுட்டால் 'ஆ' என்று கத்துகிற ஆளை. எரிச்சலில் ஒன்றைச் சுவரில் எறிந்தேன். கடையைப் பூட்டிவிடலாம் என்று அவளிடம் சொல்லியும்விட்டேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போனவள், திரும்பி வந்ததும் மஞ்சப்பையிலிருந்து ஒரு மரப்பிடியை எடுத்து மேசையில் வைத்தாள். கதிர் அறுக்கிற பன்னருவாளின் பிடி. வேலமரம், பலபேர் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது. நுனியில் உருண்டையாக ஒரு குமிழ்.

"இதையும் ஊறப் போட்டுத்தான் கொண்டாந்தியா?" என்றேன்.

"சிரிக்காம கேளுங்க. கதிர் அறுக்கையில அருவாளை நம்ம பக்கம் இழுக்கிறோம். கை பின்னால வழுக்கும். அதான் பின்னால குமிழ் வச்சிருக்கு. ஒங்களுக்குக் கை எங்கிட்டு வழுக்குது?"

"முன்னால."

"அப்ப குமிழை முன்னால வையுங்க. திருப்பிப் போட்டாப் போகுது."

நான் அந்தப் பிடியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். குமிழ் என் விரல்களுக்கு முன்னால் நின்றது. எவ்வளவு தள்ளினாலும் அதைத் தாண்டி விரல் போகாது. என் கைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, மரம் பார்த்துக்கொள்ளும்.

அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிடியின் நடுவில் ஒயர் போகத் துளை போட்டது அவள்தான். என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. குழலைக் குமிழ்ப் பக்கமாகச் சொருகி, திருகு போட்டு இறுக்கினேன். திருகெல்லாம் குமிழுக்கு அந்தப் பக்கம், விரல் படாத இடத்தில். பிடி பருமனாக இருந்ததால் முழுக் கையாலும் பிடிக்க முடிந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, உழவுச் சாமானுக்கு ஒயர் முளைத்த மாதிரி. கடைக்கு வந்த படகுக்காரர் ஒருவர், "என்ன மெக்கானிக்கே, ரேடியோவை அறுக்கவா போறீக?" என்றார்.

ஆனால் அடுத்த புண் வரவில்லை. டிரான்சிஸ்டர் போய் டிவி வந்தது, பிறகு செல்போன் சார்ஜரும் படகு பேட்டரியுமாக வேலை மாறிக்கொண்டே இருந்தது. செம்பு முனை தேய்ந்து தேய்ந்து மாற்றினேன், சுருள் கம்பி போய்ப் போய் மாற்றினேன். பிடியை மட்டும் மாற்றவில்லை. விரல்கள் அத்தனையும் இன்னும் என்னோடுதான் இருக்கின்றன.

அவள் மட்டும் அந்தப் பிடியை முழுசாக நம்பவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், வோல்டேஜ் இறங்கி நான் அயர்னைப் பிடுங்கி வைத்ததும், மூக்குக் கண்ணாடியோடு எதிரில் வந்து உட்காருவாள். என் வலது கையை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துவைத்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், எனக்குத் தெரியாமல் சுட்டிருக்கிறதா, கீறியிருக்கிறதா என்று. ஆரம்பத்தில் விரல் நுனியை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். நாளாக ஆக அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவள் கை என் விரலில் படுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். இழுத்தால் அசைவு தெரியும், அவ்வளவுதான். சொரசொரப்பா, வெதுவெதுப்பா, ஈரமா ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்தவளின் கை எப்படி இருக்கும் என்பது மறந்துபோய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. விரலை இழப்பதைவிட அது பெரிய பயம்.

ஒருநாள் அவள் பார்த்து முடித்து எழுந்திருக்கப் போனபோது, நான் யோசிக்காமல் அவள் கையைப் பிடித்து என் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோனேன். அயர்னைக் கொண்டுபோகிற அதே இடம்தான். ஆனால் இந்த முறை நூல் இடைவெளி விடவில்லை.

"என்ன, சூடு ஏறிருச்சான்னு பாக்குறீகளா?" என்றாள்.

"ஆமா" என்றேன். கை சூடாகத்தான் இருந்தது.