மூக்கிற் பேய்

எழுபதுகளின் நடுவில் மெல்போர்ன் நகரத்து நூதனசாலை ஒன்றில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பிரபு ஒருவர் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்த பொருள்களைக் கண்காட்சியாக வைக்க இருந்தார்கள்; அவற்றுக்கு விளக்க அட்டை எழுதுவதுதான் வேலை. ஆறு மாதம் முடிய என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அங்கிருந்த பொறுப்பாளரின் கையில் இருந்தது. என் மனைவி டண்டனாங் பக்கம் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்து கால் வீங்கி வருவாள். எனக்கு நிரந்தரமானால் அவள் அந்த வேலையை விடலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

பிரபுவின் வாழ்க்கை அவருடைய குறிப்புப் புத்தகங்களில் கிடந்தது. பரம்பரைப் பதவியாகப் பாராளுமன்றத்தில் ஒரு கதிரை. அங்கே அவர் ஆற்றிய மிக நீண்ட பேச்சு, தன் காட்டு முயல்களைக் குடியானவர்கள் பிடிப்பது பற்றியது. குளிர்காலம் வந்தால் இருமல் வந்துவிடும். உடனே கப்பலேறிவிடுவார். எகிப்து, இந்தியா, இலங்கை என்று போன இடமெல்லாம் கண்ணில் பட்டதைப் பெட்டியில் போட்டார். பிறகு அவருடைய இளைய மகன் ஆடு வளர்க்க ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது பெட்டிகளும் கூடவே வந்துவிட்டன.

அந்த மனிதரைப் படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பொருளை யாரிடம் வாங்கினார் என்று ஓரிடத்திலும் எழுதமாட்டார். "நான் கண்டுபிடித்தது" என்று மட்டும் எழுதுவார். ஒருவன் வீட்டுத் தூணைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டு அதையும் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தார். தேநீர் வேளையில் நான் அவரைக் கிண்டலடிப்பேன்; கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அவர் கண்டுபிடிப்புகளைச் சொல்லித் திட்டுவேன்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் ஒற்றைப் பனையோலை ஏடு இருந்தது. யாழ்ப்பாணத்தில் கண்டுபிடித்தாராம். "பேயோட்டிகளின் மந்திரம்" என்று குறித்திருந்தார். தமிழ் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான் என்பதால் பொறுப்பாளர் அதை என்னிடம் தந்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் பூதக்கண்ணாடியோடு குந்தியிருந்து படித்தேன். மருந்துச் சரக்குகளின் பெயர்கள் வந்தன, கடைசியில், "அரைத்துக் கரைத்துக் குழலால் மூக்கிற் பேய் தீரும்."

மூச்சு வழியே புகுந்த பேயை மருந்தாலும் புல்லாங்குழல் இசையாலும் விரட்டும் சடங்கு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் அதைப் படித்து மயங்கிப் போனார். கண்காட்சியின் நடுவிலே, தனிக் கண்ணாடிப் பெட்டியில் ஏட்டை வைப்பதென்று முடிவாயிற்று.

திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தட்டச்சு செய்த தாளை நோபல் பார்க்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குசினியில் மனைவி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏட்டு வரியை உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"மூக்கிலே பேயோ? இஞ்சேருங்கோ, அது பேய் இல்லை, பெய். மூக்கிலே பெய், தீரும். இது மாட்டு வைத்தியமப்பா!"

"உமக்கென்ன தெரியும்? ஏட்டிலே குழல் எண்டு கிடக்கு."

"ஓம், மூங்கில் குழல். மாட்டுக்கு மருந்து ஊத்துற குழல். எங்கட வீட்டிலே ஐயா ஊத்தேக்கை மாட்டின்ர கொம்பைப் பிடிச்சது நான்தானே."

பழைய ஏட்டில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். பெய்யும் பேயும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பிரபுவின் குறிப்பை முதலில் படித்துவிட்டு, அவர் கண்ணாலேயே ஏட்டைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத மனுஷன், செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்குத் தமிழ் படிப்பித்திருக்கிறார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்வதா விடுவதா என்று மறுநாள் காலை ரயிலில் வழிமுழுக்க யோசித்தேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால், ஒருநாள் தமிழ் படித்த யாராவது அந்தப் பெட்டி முன்னால் நின்று சிரிப்பார்கள். நேராகப் பொறுப்பாளரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் தட்டச்சுத் தாளை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு, "இந்தப் புதிய வாசிப்புக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்.

என் மனைவி என்று சொல்ல வாயெடுத்தேன். பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பெண் என்று அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்று தோன்றியது. "மறுபடி ஆராய்ந்து பார்த்தேன்," என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். அந்த வாரமே நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. மனைவி கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பொறுப்பாளரிடம் நான் சொன்ன பதிலை மட்டும் அவளிடம் மறைத்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்குப் பட்டுச் சேலையும் அதன் மேல் கம்பளிச் சட்டையுமாக வந்தாள். நேரே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போனாள். மாட்டுக்கு மருந்து புகட்டும் முறை என்று அட்டையில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விரலை வைத்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக மெதுவாக வாசித்துக்கொண்டு கீழே வந்தாள். கடைசி இரண்டு வரிகளில் விரல் நின்றது. ஏட்டைக் கண்டுபிடித்தவர் என்று பிரபுவின் பெயர். அதன் கீழே, சரியான பொருளைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயர்.

அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டு பேரின்ர பேரையும் கிட்டக் கிட்டப் போட்டிருக்கினம். நல்லாத்தான் பொருந்துது."