அப்பாவின் குடியில் நான் இல்லை

அப்பா வயல் வட்டைக்குள் வரப்பில் விழுந்து செத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுவடை நேரம், நல்ல பகல். முதலில் வெயில் என்றார்கள், பிறகு விதி என்றார்கள். நாலு வருடம் கழித்து கொக்கட்டிச்சோலையில் மாமியின், அதாவது அப்பாவின் தங்கையின், மூத்த மகன் கரப்பந்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான். விதி ஒரே குடும்பத்தைத் தேடித் தேடி வராது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

அந்தக் குடும்பத்தில் இதயத்தின் தசை காரணமில்லாமல் தடிக்கிறது. தசையைச் சுருக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் ஓர் எழுத்துத்தான் பிழை. அந்தப் பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் என்ற பேதம் அதற்கு இல்லை. மாமியின் இரத்தத்திலும் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. சனிக்கிழமைகளில் மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போய் இரத்தம் எடுப்பேன். மற்ற நாட்களில் ஆய்வுகூடத்தில் நானும் இரைகிற இயந்திரங்களும்தான். அம்மா போன பிறகு தன்னாமுனை வீட்டிலும் நான் ஒருத்திதான். தனிமை பழகிவிடும் என்பார்கள். பொய். பழகியதுபோல நடிக்கத்தான் பழகும்.

குடும்பப் படத்தைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு. போன வருடம், என்னோடு சேர்ந்து வேலை செய்யும் கொழும்பு டொக்டர் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த ஊர் ஆண்களுக்குப் பிள்ளைகளே பிறக்கிறதில்லையா?" என்று சிரித்தார்.

பார்த்தேன். ஒவ்வொரு ஆணின் கட்டத்தோடும் கோடு நின்றுபோயிருந்தது. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். பிள்ளைகள் மனைவியின் குடி. "உங்கட ஆக்கள் யார் யார்?" என்று நான் கேட்க, சனங்கள் தங்கள் குடியை மட்டும் சொல்ல, இந்த மண்ணில் பிறந்த நானும் தலையாட்டி எழுதியிருக்கிறேன். வெளியூர்க்காரி செய்யாத பிழை.

"இவருக்கும் இல்லையா?" டொக்டர் அப்பாவின் கட்டத்தைத் தொட்டார்.

"ஒரு மகள் இருக்கு," என்றேன். "நான்தான்."

குடியை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. எனக்குப் பயம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் என் கையை மட்டும் நீட்டவில்லை. கோயில் திருவிழாவில் அப்பாவின் குடிக்கு முறை வரும்போது நான் விருந்தாளியாக ஒதுங்கி நிற்பேன். நோயிடமிருந்தும் அப்படி ஒதுங்கி நிற்கலாம் என்று நினைத்துவிட்டேன் போல.

விடுபட்ட பிள்ளைகளையெல்லாம் தேடிப் பிடித்துச் சோதித்தோம். அதோடு என் இரத்தத்தையும் டொக்டர் கொண்டுபோனார். முடிவு வந்த அன்று தொலைபேசியில், "பக்கத்தில யாராவது இருக்கிறாங்களா?" என்று கேட்டார். தனியாக இருப்பவருக்கு முடிவு சொல்லக் கூடாது, உறவு ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது நானே எழுதிய விதி. யாரைக் கூப்பிட? கைபேசியில் பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். எல்லாம் வேலைத் தொடர்புகள். கடைசியில் பஸ் ஏறி மாமி வீட்டுக்குப் போனேன்.

மாமி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டொக்டருக்குக் கோல் எடுத்து, மாமிக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். இருக்கிறது என்றார். தசை தடிக்கத் தொடங்கிவிட்டதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும், மருந்துக் குளிசை இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். நான் எல்லாருக்கும் சொல்கிற அதே சொற்கள். கேட்கிறவருக்கு அவை இவ்வளவு போதாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாமி தன் மகனை நினைத்திருப்பார். பிறகு என் முதுகைத் தடவினார்.

"ஒனக்குக் கலியாணம், புள்ளகுட்டி ஒண்டும் இல்லாததும் நல்லதாத்தான் போச்சு மருமகள்."

ஆறுதலாகத்தான் சொன்னார். "ஓம் மாமி," என்றேன்.