பனியன்கள் இருக்கின்றன

முதலில் என் கண்ணில் பட்டது சபூரா அக்காவின் கையில் இருந்த பனியன்தான். படத்துக்குக் கீழே கறுப்புக் கட்டத்துக்குள் எழுதியிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

ஆட்டையாம்பட்டியில் டவுன் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று முந்தைய நாள்தான் அவரைப் பெற்ற அத்தா சொல்லியிருந்தார். அக்கா வரவில்லை, வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்குகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சமவெளி வட்டத்தின் குழுவில் அதைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடு போடும் கைகள். அக்கா உயிரோடு இருந்தபோது அவர் எழுதிய செய்திக்கு ஒரு கையும் வந்ததில்லை.

அந்தப் படத்தை எப்போது எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் வட்டம் கடை போட்டிருந்தது. பனியன், ஸ்டிக்கர், சாவிக்கொத்து எல்லாம் மேசையில் பரப்பியிருந்தோம். ‘கொல்லிமலைக் கோட்டை: பாகம் இரண்டு’ என்று அச்சடித்த பனியன் ஒன்றை ஒரு மாணவி எடுத்துப் பார்த்து, "இது எப்படி இருக்குங்க்கா? முதல் பாகம் நான் ஆடலயே" என்றாள். அக்கா அதை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற, வட்டத்தை நடத்தும் கௌதம் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் தம்பி, பாகம் ஒண்ணு எங்க?"

பாகம் ஒன்று கிடையாது. பாகம் இரண்டும் கிடையாது. எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு என்ற எண் இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அண்ணன் நினைத்தார், அவ்வளவுதான். அக்கா சிரித்தார், யாரோ படம் எடுத்தார்கள். இப்போது அந்தப் படத்துக்குக் கீழே ‘வட்டத்தின் கனவுகளை உயர்த்திப் பிடித்த கரங்கள்’ என்று எழுதியிருந்தது.

அக்காவைத் தெரிந்தவர்கள் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். கும்பிடு போட்டவர்களும் படிக்கட்டும்.

நான் பத்தாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. படித்தது தொண்டையோடு நின்றுவிடும். செவ்வாய்ப்பேட்டையில் அத்தாவின் மொத்தத் துணிக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் வட்டத்தின் பனியன்களை மடித்து, பார்சல் கட்டி, கூரியருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் சேர்ந்தேன். அக்கா அதே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வட்டத்தின் இணையப் பக்கத்துக்குச் செய்தி எழுதுவார். வட்டத்தார் அந்தச் சரக்கை ‘மெர்ச்சண்டைஸ்’ என்பார்கள். அக்கா பனியன் என்பார்.

வட்டத்தின் வழக்கம் இதுதான். யாருக்காவது ஒரு விளையாட்டு செய்யலாம் என்று தோன்றினால் முதலில் பெயர் வைப்பார்கள். பிறகு பூஜை. பிறகு பனியன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கௌதம் அண்ணன் வீட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் ஓடுகின்றன. அதனால் ‘ரிக் ராஜா’ என்று ஒன்றுக்குப் பூஜை போட்டார். வண்டிக்குச் செய்வதையெல்லாம் லேப்டாப்புக்குச் செய்தார்கள். சந்தனம், குங்குமம், மாலை. டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று பெரியவர்களே கூடி யோசித்தார்கள். கடைசியில் மௌசால் அழுத்தி நசுக்கப் பார்த்தார்கள். பழம் உருண்டு ஓடியது, மௌஸ் உடைந்தது. எல்லோருக்கும் பனியன் கொடுத்தார்கள். அந்த வாரம் அக்கா எழுதிய செய்தி இது: ‘ரிக் ராஜா பூஜைக்குப் போனேன். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. விளையாட்டு இன்னும் வரவில்லை.’

விளையாடிப் பார்க்காததை எழுத மாட்டேன் என்பது அவர் வைத்திருந்த ஒரே விதி. முடியும் வரை ஆடுவார், அல்லது எங்கே சிக்கி நிற்கிறதோ அதுவரை ஆடுவார். ஆடுவதற்கு அறையில் ஒரு மட்டமான போன் இருந்தது. "இதுல ஓடுனாத்தான் ஊர்ல ஓடும்" என்பார். பெரும்பாலான வாரங்களில் அதில் ஓட்ட எதுவும் வராது. அப்போதெல்லாம் செய்தி ஒரே மாதிரி முடியும்: ‘இந்த வாரம் விளையாட ஒன்றும் வரவில்லை. பனியன்கள் இருக்கின்றன.’ வட்டத்தில் பாதிப்பேர் அதை விளம்பரம் என்று நினைத்து மகிழ்ந்தார்கள்.

அக்கா நல்லவர், அன்பே உருவானவர் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. வாய் கெட்டவர். நான் மடித்து அடுக்கியதைக் கலைத்துவிட்டு, "கழுத்து கோணியிருக்கு, மறுபடி மடி" என்பார். பொட்டலம் பிரித்த முறுக்கில் பாதிகூட எனக்கு மிஞ்சாது. தோற்பதென்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஆனால் எனக்குப் பேச வரவில்லை என்று கண்டபோது அவர் என்னைத் தேற்றவில்லை, திருத்தவும் வரவில்லை. "பேச வராட்டி எழுது புள்ள. எழுதுனா ஒருத்தனும் குறுக்க பேச மாட்டான்" என்று சொல்லிவிட்டு, என் கையில் இருந்த முறுக்கை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு செய்தியை எழுதி முடித்ததும் இணையப் பக்கத்தில் ஏற்றும் வேலையை என்னிடம் விட்டார்.

ஒருநாள் மல்லசமுத்திரத்திலிருந்து ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"ஏனுங்க, நியூஸ் போடறது இங்கதானுங்களா?"

"கேம் இருக்கா, பனியன் இருக்கா?" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

"பனியனெல்லாம் இல்லீங்க."

"அப்ப உள்ள வாங்க."

அவருடைய விளையாட்டின் பெயர் ‘முட்டை லாரி’. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு வேகத்தடை வேகத்தடையாகத் தாண்டி, உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அக்கா ஆடினார். முட்டை உடைந்தது. மறுபடி ஆடினார், உடைந்தது. நான் வாங்கி ஆடினேன், கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அக்கா போனைப் பிடுங்கி இன்னொரு தடவை ஆடி, உடைந்ததும் சுவரில் வீசினார். அந்த மனிதர் பதறிப்போய், "விடுங்கம்மா, வேகத்தடையைக் கொஞ்சம் கொறச்சுரலாங்க" என்றார்.

"அதுல கை வெச்சீங்கன்னா நான் எழுத மாட்டேன்."

போனின் மூலை அன்றைக்கு விரிந்ததுதான். செய்தியில் அக்கா எழுதினார்: ‘முட்டை லாரி ஆடினேன். படம் சுமார். பாட்டு காதைக் குடைகிறது. ஆனால் இருக்கிறது.’

அதுவரை அக்கா எதையும் அவ்வளவு புகழ்ந்ததில்லை. வட்டத்தாருக்கு அது பொறுக்கவில்லை. கௌதம் அண்ணன் நேரிலேயே வந்தார். "நாமெல்லாம் எவ்ளோ பெரிய புராஜெக்ட் பண்ணிட்டிருக்கோம். நீங்க முட்டைய எழுதறீங்களேக்கா" என்றார்.

"முட்டையாச்சும் உடைஞ்சுது தம்பி. உங்களுதுல உடையறதுக்குக்கூட ஒண்ணுமில்ல."

அண்ணன் அதற்கும் சிரித்தார். அவருக்கு எது வசை, எது வேடிக்கை என்று பிரிக்கத் தெரியாது. வட்டத்தில் பலருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் அக்காவை இத்தனை காலம் செய்தி எழுத விட்டிருக்க மாட்டார்கள்.

அக்கா போனதற்கு வட்டம் கூட்டம் போட்டது. சேலத்தில் ஒரு ஏ.சி. மண்டபம். வாசலில் அதே படம், அதே பனியன், ஆள் உயரத்துக்கு. பேசியவர்கள் எல்லோரும் அவரை ‘நம்ம சிஸ்டர்’ என்றார்கள். புதியவர்களை ஊக்குவித்தவர் என்றார் ஒருவர். அவருடைய விளையாட்டைப் பற்றி அக்கா ‘மூன்றாவது நிமிடத்தில் நின்றது, நானும் நின்றேன்’ என்று எழுதியிருந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மல்லசமுத்திரத்துக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை.

கடைசியில் விளக்கை அணைத்துத் திரையில் ஒரு புது விளையாட்டின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். தீக்குள்ளிருந்து எழுத்துகள் எழும்பி வந்தன. ‘சபூரா: தீயின் மகள்’. கையில் வாளோடு அக்காவின் முகம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவே பயந்து, தீக்குச்சியை என் கையில் கொடுப்பவர் அவர். எல்லோரும் கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டுகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதே மூச்சில் கௌதம் அண்ணன் பனியனையும் விரித்துக் காட்டினார். நெஞ்சில் அதே முகம், அதே வாள்.

முன்வரிசையில் இருந்த அத்தா எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போனார். மைக்கில் அல்ல, அண்ணனின் காதோடு பேசினார். நான் அவருக்குப் பின்னால் நின்றதால் கேட்டது.

"படம் வேணாம் தம்பி. எங்க ஊட்டுச் சுவத்துலகூட நாங்க மாட்டறதில்ல. எம்மவ மொகத்தப் போட்டுக்கிட்டு யார் யாரோ டீக்கடையில நிப்பாங்க. வேணாம்."

"மரியாதைக்குத்தாங்க பாய். நீங்க பாருங்க, எப்படிக் கொண்டாடறாங்கன்னு."

"கொண்டாட வேணாம் தம்பி."

"சரிங்க பாய், பாத்துக்கறேங்க" என்றார் அண்ணன். பனியன்கள் அப்போதே அச்சாகி வந்திருந்தன.

அந்த வாரம் வியாழக்கிழமை அவை அறைக்கு வந்தன. அத்தா கடை மூடி ஜும்மா மசூதிப் பக்கம் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஆள் வைத்துத் தூக்கி வந்து மாடியில் இறக்கிவிட்டார்கள். கௌதம் அண்ணன் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோகிலா, நாளைக்குச் செய்தியில இத போட்டுடு. கேம் பொங்கலுக்கு வருதுன்னு எழுது. நீ ஆடிப் பாத்தேன்னு ஒரு வரி சேத்துக்க. அக்கா ஸ்டைல்லயே இருக்கட்டும். அப்பத்தான் நம்புவாங்க."

கேம் இருக்குதுங்களாண்ணா என்று கேட்க நினைத்தேன். தொண்டையோடு நின்றது.

"கேம்லாம் வந்துரும். பனியன் போச்சுன்னாத்தான் கேமுக்கே தெம்பு வரும்" என்று அவரே சொன்னார். பிறகு மெதுவாக, ஒரு பாசத்தோடுகூட, "இந்த வேலை உனக்கும் வேணுமில்ல?" என்றார்.

வேண்டும்தான். எனக்குப் பேச வேண்டாத இன்னொரு வேலை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. அதை அவரும் அறிந்துதான் சொன்னார். தலையாட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. அவர் ஆட்டியதாக எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அக்கா எழுதிய செய்தியைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதில் ‘ஆடினேன்’ என்று இருந்தால் ஆடியிருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் வட்டம் செய்த எல்லாவற்றிலும் உண்மையாக இருந்தது அந்த ஒரு சொல்தான். பூஜை போடாமல், பனியன் அடிக்காமல் மிஞ்சியிருந்த அதையும் இப்போது கேட்டார்கள். கேட்பது இன்னதென்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், மூலை விரிந்த அந்தப் போன் இருக்கிறது. அத்தா, "நீயே வெச்சுக்க சாமி" என்றார். அதில் முட்டை லாரி இருக்கிறது. அதில் அக்காவைவிட நான் தூரம் போனவள் என்பதும் இருக்கிறது. கழுத்து கோணாமல் மடிக்கத் தெரியும். ஆடிப் பார்க்காததை எழுதக் கூடாது என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே போனேன். மூட்டைகளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் படியிறங்கி, கடை திறந்துகொண்டிருந்த அத்தாவின் முன்னால் வைத்தேன். இன்னது என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு மூட்டையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். மூடினார். லுங்கிக் கட்டு ஒன்றை எடுத்து அவற்றின் மேல் வைத்தார்.

மாடிக்குத் திரும்பி வந்து அந்தப் போனிலேயே பக்கத்தைத் திறந்து எழுதினேன்: ‘இந்த வாரம் விளையாட ஒன்றும் வரவில்லை. பனியன்களும் இல்லை.’