தமிழில் வராத பகுதி

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். கருங்கல் பக்கம் நடந்த கிறிஸ்தவக் கன்வென்ஷனைப் பற்றிச் செய்தி எழுத எங்கள் பத்திரிகையில் என்னை அனுப்பியிருந்தார்கள். கடைசி நாள் பிரசங்கியார் வெள்ளைக்காரர்; பல தேசங்களில் பேர் வாங்கியவர். அவருடைய ஜீவிய சரித்திரம் சிறு புத்தகமாகப் பந்தல் வாசலில் விற்றது. செய்திக்கு உதவும் என்று ஒன்று வாங்கிவைத்திருந்தேன். வாலிபத்தில் அவர் எங்கள் பக்கத்தில் இரண்டு வருஷம் மிஷனெரியாக இருந்ததை அதில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் போதகர் அதைத் தமிழில் சொல்லுவார். ஓலைப் பந்தல் நிறைய ஜனம். எனக்கு முன்னால் பாயில் இருந்த இருவர் குசுகுசுத்தார்கள்.

"தொர ஒரு வரி சொன்னா நம்ம போதகரு மூணு வரி சொல்லுகாரு. மத்த ரெண்டும் எங்கேருந்துலே வருது?"

"அது நம்ம ஊரு சரக்கு மக்கா. சும்மா கேளு."

நான் தமிழை மட்டும் குறித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்கு அது போதும். ஆங்கிலம் பாதிக் காதில் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று அது முழுக் காதில் விழுந்தது.

"இந்தப் பந்தலில் ஒருவருக்கு நான் அநியாயம் செய்தேன்" என்றார் பிரசங்கியார்.

"நாமெல்லாரும் அநியாயம் செய்தவர்கள்" என்றார் போதகர்.

"என்னைப் பற்றி மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. இங்கே ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர்தான் என்று சந்தேகித்து அவரை நான் உபதேசியார் வேலையிலிருந்து நீக்கினேன். சபை அவரைத் தள்ளிவைத்தது."

"பொல்லாங்கு எந்த வடிவிலும் வரும், பிரியமானவர்களே."

"அடுத்த வருஷமே, கடிதத்தை உண்மையில் எழுதியவர் மரணப் படுக்கையில் என்னிடம் ஒப்புக்கொண்டார். என் பேர் கெடும் என்று நான் வாய் திறக்கவில்லை."

"ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள்."

ஜனம் "ஆமென்" என்றது. என் பென்சில் நின்றுவிட்டது. போதகரின் முகத்தைப் பார்த்தேன். வேர்வை தவிர அதில் ஒன்றுமில்லை.

பிறகு திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனை. தள்ளிவைக்கப்பட்டவர்கள் அதற்கு முன் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட வேண்டும், அதுதான் வழக்கம். ஏழெட்டுப் பேர் தலைகுனிந்து போனார்கள். வலப் பக்க ஓரத்தில் நரைத்த ஒரு மனிதர் மட்டும் எழவில்லை. இருபது வருஷமாக எழுந்து போனவராம்.

"ஏட்டி, அந்த ஆளு இன்னும் இருக்காரு பாத்தியா?" என்றாள் ஒருத்தி.

"மொட்டக் கடுதாசிக்காரரா? நாணமில்லாத்த ஜென்மம்."

சபை மூப்பர் அப்பத் தட்டோடு அவரருகே வந்து குனிந்தார். "எழும்பி வெளிய போவும் ஓய்."

"நான் எதுக்குப் போகணும்? தொர இப்பம் சொன்னாருல்லா?"

"என்ன சொன்னாரு? நாங்களும் இங்கதான இருந்தோம்?"

கிழவர் போதகரைப் பார்த்தார். போதகர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார். விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்தே இருந்தேன்.

தட்டு அவரைத் தாண்டிப் போவதைப் பிரசங்கியார் மேடையிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். இத்தனை சொன்ன பிறகும் இவர்கள் மனம் இளகவில்லையே என்று அவர் போதகரிடம் ஆங்கிலத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. பதில் சொன்னவர் கிழவர், அதுவும் ஆங்கிலத்தில்: "அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, ஐயா."

பிரசங்கியார் போதகரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவர்போல நின்றார். அப்புறம் ஜனத்தின் பக்கம் திரும்பி, மறந்துபோன தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்.

"இவர்... எழுதவில்லை. கடிதம்... எழுதவில்லை. நான் அறிவேன். நான்... சொல்லவில்லை."

பந்தலில் யாரும் ஆமென் சொல்லவில்லை. முன்பு நாணமில்லாத்த ஜென்மம் என்றவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

மூப்பர் திரும்பி வந்து தட்டை நீட்டினார். கிழவர் அப்பத்தை எடுக்கவில்லை.

"மூப்பரே, எனக்க பெஞ்சாதி சாவச்சில அவள நம்ம கல்லறத் தோட்டத்துக்குள்ள வைக்க விட்டியளா? மதிலுக்கு வெளிய, வேலிப் பத்தைக்குள்ள கொண்டு வச்சேன். கடைசி மூச்சு வர 'நீங்க எழுதல்ல'ன்னு சொன்னவளாக்கும். எனக்கு அப்பம் தாறிய, சரி. அவளுக்கு என்ன தருவிய?"

கிழவர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் பிரசங்கியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

யாரும் கேட்காமலே போதகர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். இந்த முறை மதிலையும் விடவில்லை, வேலிப் புதரையும் விடவில்லை.

பிரசங்கியார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.