அடுத்த சனிக்கிழமை ஆரம்பம்

என் நண்பன் நெல்லில் வழுக்கி விழுந்தான். கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட் கட்டுவது அவன் தொழில். அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு சாயங்காலம் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். குறுவை அறுவடை சமயம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியவன் நெல்லின்மேல் பிரேக் அடித்தான். ஹெல்மெட் பைக் கண்ணாடியில் மாட்டியிருந்தது.

பாண்டிச்சேரியில் நாற்பது நாள் ஆஸ்பத்திரி. ஐப்பசி மழையில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நடந்தான், சாப்பிட்டான், எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஆனால் கடைசி நான்கு வருஷம் அவனிடம் இல்லை. புதிதாக நடப்பதும் தங்கவில்லை. தூங்கி எழுந்தால் முந்தின நாள் அழிந்துவிடும். “அவர் சொல்றத மறுத்துப் பேசாதீங்க, குழம்பிடுவாரு. தானா வந்தா வரட்டும்” என்று டாக்டர் அவன் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அவன் நினைவு நின்றுபோன இடம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதக் கடைசி. பிரான்சில் ஃபுட்பால் சீசன் தொடங்க ஒரு வாரம் இருந்தது.

நாங்கள் மூன்று பேர். நான் கோவில்பத்தில் இருக்கிறேன், காரைக்கால் டவுனில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். இன்னொருவன் காரைக்கால்மேட்டில் ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர். அவனும் நானும் எல்லோரையும் போல டிவியில் வரும் பெரிய கிளப்புகளின் ஆட்கள். லைட்காரன் மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டான். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் போன அவன் அண்ணன் வேலை செய்யும் ஊரின் கிளப் அது. பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. சில வருஷம் முதல் டிவிஷனில் ஆடும், பிறகு இரண்டாவதற்கு இறங்கும், மறுபடி ஏறும். அந்த ஆடிக்கு முந்தின சீசனில் ஒரு புது மேனேஜர் வந்து, விலைபோகாத ஆட்களை வைத்தே அதை மேலே ஏற்றினார். அந்த மேனேஜரின் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, லைட் சாமான் வைக்கும் ஷெட்டில் ஒட்டியிருந்தான் இவன்.

பிறகு நடந்தது வேறு. முதல் வருஷம் இறங்காமல் தப்பித்தார்கள். இரண்டாம் வருஷம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். மேனேஜரைப் பாதியிலேயே வெளியே அனுப்பினார்கள். கிளப் இறங்கியது, இன்னும் ஏறவில்லை. இது எதுவும் இப்போது அவனுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை ஐந்து மணிக்கு நானும் ஐஸ் பேக்டரிக்காரனும் போனோம். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வீடு. ஹாலில் தினசரி காலண்டர் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம். டிவி ரிப்பேர் என்று சொல்லி வைத்திருந்தாள் அவன் மனைவி.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினான்.

“சொல்லு மாப்ள. அடுத்த சனிக்கெழம ஆரம்பம். நம்மாளுங்க தேறுவாங்களா, மாட்டாங்களா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “பதினாலாவது எடம் கெடச்சாலே பெருசு.”

“கோப்ப எடுக்காதவன் ஒரு மேனேஜரா?” என்றான் ஐஸ் பேக்டரிக்காரன்.

“கோப்பைய எவன் வேணா எடுப்பான், பணம் இருந்தா போதும். கீழ கெடந்தவங்கள மேல கொண்டாந்து நிறுத்துனாரு பாரு, அதுக்குப் பேருதான் மேனேஜரு. இன்னும் இருவது வருஷம் ஆனாலும் அந்த ஊர்ல அவரப் பத்திதான் பேசுவாங்க.”

ஓடுகளில் மழை கொட்டியது. அவன் ஜன்னலைப் பார்த்துவிட்டு, “மாங்கனித் திருவிழா முடிஞ்சு ஒரு மாசந்தான் ஆவுது, அதுக்குள்ள என்ன மழ இது” என்று சொல்லி, தானே சிரித்தான். அவனுக்கு அது இன்னும் ஆடிதான். நாங்களும் சிரித்தோம். பழைய ஆளாகவே இருக்கிறானே என்று அன்று சந்தோஷமாகத்தான் திரும்பினோம்.

அடுத்த சனிக்கிழமை அதே நாற்காலி, அதே கேள்வி. அதற்கடுத்த சனிக்கிழமையும். மாற்றிச் சொன்னால் குழம்புவானோ என்று பயந்து நாங்களும் அதே பதில்களைச் சொன்னோம். நான்காவது வாரம் எனக்கு ஒன்று உறைத்தது. நான் யோசித்து எதுவும் சொல்லவில்லை. அவன் கேட்டதும் தொண்டை தானாகச் செருமியது, பதினாலாவது இடம் தானாக வெளியே வந்தது. மழை நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் அவன் ஜன்னலைப் பார்த்தான். வெயிலடிக்கும் சந்துப் பக்கம் பார்த்து, “அதுக்குள்ள என்ன மழ இது” என்றான். நாங்கள் சிரித்தோம்.

வெளியே வந்ததும் ஐஸ் பேக்டரிக்காரன் பைக்கை எடுக்காமல் நின்றான்.

“நா இனிமே வரல. அவன் சொல்றதுக்கு முன்னாடியே என் வாயி சிரிக்கிது. பயமா இருக்கு.”

நான் தனியாகப் போனேன். மூன்றாவது குரல் இல்லாதது அவனுக்குத் தெரியவில்லை. ஐஸ் பேக்டரிக்காரன் பேச வேண்டிய நேரம் அளவாகப் பொறுத்துவிட்டு, காலி நாற்காலிக்குப் பதில் சொன்னான்.

அந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. இது என்ன மாசம், என்ன வருஷம் என்று ஒரு நிமிடம் பிடிபடாது. ஒரு திங்கட்கிழமை நான் அனுப்பிய கடிதத்தை மேலதிகாரி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். “என்னங்க, நாலு வருஷம் முந்தின தேதி போட்டுருக்கீங்க?” என்றார். என் கையெழுத்துதான். எழுதிய ஞாபகம் இல்லை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை அலுவலகத்தில் ஆய்வு. நான் போய்ச் சேரும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. கதவு திறந்திருந்தது. படியில் செருப்பைக் கழற்றும்போது அவன் குரல் கேட்டது.

“சொல்லு மாப்ள. அடுத்த சனிக்கெழம ஆரம்பம். தேறுவாங்களா, மாட்டாங்களா?”

வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது என் செருமல். மெல்லிய குரலில், “பதினாலாவது எடம் கெடச்சாலே பெருசு” என்று பதில் வந்தது. நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கும் இடத்தில் இழுத்துச் சொன்ன பதில்.

கழற்றிய ஒரு செருப்போடு அப்படியே நின்றேன். உள்ளே அவர்கள் முழுவதையும் பேசி முடித்தார்கள். மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். அவனுக்கு எதிரே, நான் உட்காரும் நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் உரித்துக்கொண்டிருந்த இறால் தட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

“எத்தன நாளா இப்புடி?” என்றேன்.

“தெனமுந்தான் அண்ணே. அஞ்சு மணி ஆனா ஆரம்பிச்சிருவாரு. நீங்க வர்றது சனிக்கெழம மட்டுந்தான. மொத பதில் வரலன்னா நிறுத்திட்டு அப்புடியே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு நாளு ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. தாங்க முடியாம நாஞ் சொன்னேன், நீங்க சொல்றத. ஒடனே பேச ஆரம்பிச்சிட்டாரு.” இறால் தட்டை மேடையில் வைத்தாள். “சொல்லிருங்க அண்ணே, எல்லாத்தயும். இனிமே என்னால உங்க கொரல்ல பேச முடியாது.”

டாக்டரிடம் போனில் கேட்டாள். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை அவன் தேறுவார்களா என்று கேட்டதும், உதட்டுக்கு வந்த பதினாலாவது இடத்தை விழுங்கிக்கொண்டு, “அவங்க எறங்கிட்டாங்கடா” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தப் பார்வையை நான் அதுவரை கண்டதில்லை. சுவரில் காலண்டர் இருந்த வெளுப்பையும் ஆணியையும் பார்த்தான்.

விபத்தைச் சொன்னேன். நான்கு வருஷத்தைச் சொன்னேன். கிளப் முதல் வருஷம் தப்பித்தது, பிறகு தோற்றது, மேனேஜர் போனது, இறங்கியது எல்லாம் சொன்னேன். டாக்டர் பயந்தது போல அவன் குழம்பவில்லை. குறுக்கே பேசவும் இல்லை. கடைசியில் ஒன்று கேட்டான்.

“அவர அனுப்புனப்ப நா என்ன சொன்னேன்?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எங்களில் அந்த மேனேஜரை மிக மோசமாகத் திட்டியவன் அவன்தான். அவரை எப்போது துரத்துவார்கள் என்று அண்ணனுக்கு போன் போட்டு தினமும் கேட்டவன் அவன்.

“நீ கடைசி வரைக்கும் அவர விட்டுக்குடுக்கல” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க அண்ணே.” அவன் மனைவி வாசற்படியில் நின்றாள். அவனைப் பார்த்துச் சொன்னாள். “ஷெட்டுல ஒட்டியிருந்த அவரு படத்த நீங்கதான் கிழிச்சீங்க. கிழிச்சி, குப்பையோட போட்டுக் கொளுத்துனீங்க.”

“நானா?” அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எதுக்கு? மேல கொண்டாந்தவரு அவருதான?”



தூங்கி எழுந்தால் இதுவும் அழிந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். மறு சனிக்கிழமை அவன் மறுபடி நாற்காலியை இழுத்தான். அடுத்த சனிக்கிழமை ஆரம்பம் என்றான். ஆனால் கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்று சொன்னான்.

“அந்தாள நெனச்சா என்னமோ பண்ணுது மாப்ள. நா அவருக்கு ஏதோ செஞ்சிட்ட மாதிரி இருக்கு. நா அவரப் பாத்தது கூட இல்ல.”

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. நடந்தது அவனிடம் இல்லை, நடந்ததன் வலி மட்டும் எங்கிருந்தோ அவனிடம் வந்து சேர்ந்திருந்தது.

அதன்பிறகு வாரா வாரம் முழுக்கதையும் சொன்னோம். ஒவ்வொரு வாரமும் அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். தை பிறந்து இரண்டு வாரம் கழித்து நான் தொடங்கும்போதே, “அதான் தெரியுமே, எறங்கிட்டாங்கள்ல” என்று எரிச்சலாகச் சொன்னான். சொல்லிவிட்டு எப்படித் தெரியும் என்று அவனே திகைத்தான். அவன் மனைவி சமையல்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் புது நாட்கள் அவனிடம் தங்க ஆரம்பித்தன. இப்போது லைட் வேலைக்குப் போகிறான், பைக் மட்டும் ஓட்டுவதில்லை. ஐஸ் பேக்டரிக்காரனும் வருகிறான். இரண்டாவது டிவிஷன் மேட்ச்சை போனில் பார்க்கிறோம். இந்த வருஷம் ஏறுவார்களா என்று சண்டை போடுகிறோம். பழைய மேனேஜர் பெரிய ஆளா இல்லையா என்ற சண்டையும் ஓயவில்லை. அவரை யாராவது குறை சொன்னால் அவன் விடுவதில்லை.

தொலைந்த நான்கு வருஷம் மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொன்னதுதான் அவனுக்கு அந்த நான்கு வருஷம். போன வாரம் மேட்ச் முடிந்து ஐஸ் பேக்டரிக்காரன் கிளம்பிய பிறகு கேட்டான்.

“வேற என்னெல்லாம் பண்ணேன் மாப்ள அந்த நாலு வருஷத்துல?”

நாகப்பட்டினத்தில் பெரிய திருவிழா வேலை எடுத்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வெள்ளையடித்ததைச் சொன்னேன். அந்த மேனேஜர் படத்தைக் கிழித்த அன்று நான் தடுத்ததும், அவன் என்னைப் பிடித்துத் தள்ளியதும், ஐந்து மாதம் நாங்கள் இருவரும் பேசாமல் இருந்ததும், வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் வாய்வரை வந்தன.

அவன் மனைவி டீயோடு வந்தாள். அவளுக்கும் அது தெரியும். டீயை என் கையில் கொடுத்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நின்றாள்.

“அவ்வளவுதான்டா” என்றேன்.

அவன் தலையாட்டினான். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். நான் டீயைக் குடித்தேன்.